பேச்சியம்மாளின் இரண்டு கையெழுத்துகள்

அனந்து,

பெங்களூரில் போய் இறங்கிப் பெட்டியைப் பிரிக்கும்போது சட்டைகளுக்கு நடுவே இந்தக் கடிதம் உன் கைக்கு வரும். நேரில் சொல்லிவிடலாம் என்று நான்கு நாட்களாகப் பார்த்தேன். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய், அல்லது போனில் இருந்தாய், அல்லது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் லேப் நோட்டில் எழுதியே பழகிவிட்டதாலோ என்னவோ, வாயால் சொல்வதைவிட எழுதுவதுதான் எனக்கு ஒழுங்காக வருகிறது. அவசரமில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது நீ ஒன்று கேட்டாய். "அம்மா, லேப்ல நீ பண்ணின வலிய தப்பு என்னதாக்கும்?" வேலையில் சேரப் போகிறவன் விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஒரு மழைக்காலத்தில் இன்குபேட்டர் முழுக்கப் பூஞ்சை பிடித்து மூன்று மாத வேலை வீணாய்ப் போன கதையைச் சொன்னேன். நீ சிரித்தாய். அப்பா சிரிக்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் சொன்னது விபத்துதான், தப்பு இல்லை என்று அவருக்குத் தெரியும். தப்பு எது என்பதும் தெரியும். நீ சேரப்போகிற இடத்தில் ஆபரேஷனில் வெட்டி எடுத்த திசுவிலிருந்து செல்களைப் பிரித்து வளர்க்கப்போவதாகச் சொன்னாய். வார்டுக்குப் போய் நோயாளிகளிடம் சம்மதம் வாங்கும் பொறுப்பும் முதல் வருஷம் உன்னுடையதுதான் என்றாய். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் லேபில் என்ன செய்தோம் என்று உனக்கு மேலோட்டமாகத் தெரியும். செயற்கை ரத்தக்குழாய் ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் உட்புறத்தில் மனித ரத்தக்குழாயின் உள்படலச் செல்கள் ஒட்டி வளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பெருக்கும் செல்கள் இதற்கு உதவாது. அவை எப்போதோ தம் இயல்பை விட்டுவிட்டவை. உடம்பிலிருந்து அப்போதுதான் எடுத்த செல் வேண்டும். சுலபமாகக் கிடைப்பது தொப்புள்கொடி. அதற்குள் ஓடும் பெரிய நாளத்தைக் கழுவி, திசுவை இளக்கும் என்சைமை உள்ளே நிரப்பி, இரண்டு பக்கமும் கட்டி, கொஞ்ச நேரம் இளஞ்சூட்டில் வைத்து வடித்தால் உள்படலச் செல்கள் உதிர்ந்து வரும். வளர்ப்புத் தட்டில் ஊற்றிவைத்தால் மறுநாள் அடியில் ஒட்டியிருக்கும். நான்காம் நாள் தெருவில் கல் பாவியது மாதிரி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊட்டநீர் மாற்றுவோம். இடம் போதாமல் போனால் பிரித்து வேறு தட்டுகளுக்கு மாற்றுவோம். இப்படி நாலைந்து தடவை மாற்றியதும் சோம்பத் தொடங்கும், உப்பிப் பெரிதாகும், பிறகு பிரிவதை நிறுத்திக்கொள்ளும். இதெல்லாம் உனக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தவனிடமும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொடியை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுவருவது என் வேலை. நீ அப்போது என் வயிற்றில் ஐந்து மாதம். அப்போது குடியிருந்த கரமனை வீட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே என்று அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவிடுவார். சம்மதத்துக்கு அரைப்பக்கத் தாள் ஒன்று இருந்தது. மேலே ஆங்கிலம், கீழே மலையாளம். பிரசவ வார்டுக்குத் தமிழ்நாட்டுக்காரர்கள் வந்தால், தமிழ் தெரிந்தவள் என்று என்னைத்தான் பேசச் சொல்வார்கள். கட்டிட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த குடும்பங்கள் அங்கே எப்போதும் உண்டு. அப்படித்தான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கம். இருபத்திரண்டு வயதிருக்கும். தலைப்பிரசவம். வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில்தான் நான் தாளை நீட்டினேன். நேரம் அப்படித்தான் இருந்தது என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அரை மணி முன்னால் அவள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோதே நான் அங்கேதான் இருந்தேன். லீலா சேச்சி என்ற அட்டெண்டரோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"பிரசவம் ஆனப்புறம் கொடியைத் தூக்கித்தான் போடுவாங்க. அதை எங்களுக்குக் குடுத்தா ஆராய்ச்சிக்கு உதவும்," என்றேன்.

"போடுததத்தான கேக்கீய? எடுத்துக்கிடுங்க," என்றாள். பேனாவை வாங்கி, தமிழில், எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதினாள். 'ம்மா'வுக்கு வரும்போது அடுத்த வலி வந்துவிட்டது. அது முடிகிற வரை பேனாவைப் பிடித்தபடி இருந்து, பிறகு மீதி எழுத்தைப் போட்டாள். நான் தாளை வாங்கி மடித்துக்கொண்டேன்.

செல்கள் உயிரோடு இருக்கும், வளரும், வாரக்கணக்கில் நாங்கள் அவற்றைப் பார்த்துக்கொள்வோம் என்று ஏன் சொல்லவில்லை? அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன், ஒன்று. அதைவிட முக்கியமாக, புரிந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். இரண்டாவதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அந்தக் கொடியிலிருந்து வந்த செல்கள் அதுவரை நாங்கள் எடுத்தவற்றிலேயே அருமையானவை. ஐந்தாம் நாள் தட்டு நிறைந்துவிட்டது. லேப் தலைவர் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். இன்னும் ஒருமுறை பெருக்கிவிட்டுக் கொஞ்சத்தைக் குளிரில் உறையவைத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்றார். பெண் குழந்தை பிறந்தது என்பது வரை எனக்குத் தெரியும். மூச்சுத் திணறி இரண்டாம் நாளே அது போய்விட்டது என்பது தெரியாது. கேட்டுக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை. தட்டுக்கு மேலே எண் மட்டும்தான் எழுதுவோம்.

பதினோராம் நாள் காவலாளி உள்ளே போன் செய்து, யாரோ தமிழ்க்காரர்கள் என்னைக் கேட்டு வந்திருப்பதாகச் சொன்னார். கேட்டுக்கு வெளியே பேச்சியம்மாளும் அவள் கணவன் சுடலையும் நின்றார்கள். அவள் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. மாத்திரை வாங்கப் போன இடத்தில் லீலா சேச்சி ஆறுதலாகச் சொல்லியிருக்கிறாள், குழந்தை போனாலும் அதன் கொடி லேபில் நன்றாக வளர்கிறதாம் என்று. நல்ல மனசோடு சொன்னதுதான்.

"எக்கா, எம்பிள்ள போயிட்டா. அவ கொடி உங்ககிட்ட உசுரோட இருக்குன்னாவ. மெய்தானா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு நொடியில்தான் எனக்குக் குழந்தை இறந்ததே தெரிந்தது. நான் யோசிக்கவில்லை. "இல்லம்மா. அது ரெண்டு நாள்லயே செத்துப்போச்சு. தூக்கிப் போட்டாச்சு," என்றேன்.

"எங்கன போட்டீய?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "எல்லாத்தையும் சேர்த்து எரிச்சுடுவாங்க," என்று சொன்னேன்.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "பச்சப்பிள்ளய நாங்க எரிக்கமாட்டோம்லா, எக்கா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு தகவல் தெரிவிப்பதுபோலச் சொன்னாள். சுடலை அவள் தோளைத் தொட்டு, போவோம் என்றான். இருவரும் பஸ் ஸ்டாப் வரை நடந்து போவதை நான் கேட்டிலேயே நின்று பார்த்தேன். பிறகு உள்ளே வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, அந்தச் செல்களுக்கு ஊட்டநீர் மாற்றினேன். அன்று மாற்றவேண்டிய நாள்.

தலைவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், மலையாளி, எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். "சாரமில்ல. நல்லதினு வேண்டி பறஞ்சதல்லே," என்றார். நல்லதற்காகச் சொன்னதுதானே, பரவாயில்லை என்று. எனக்கும் அன்று அது போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது, அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"என்னத்துக்கு அப்படிச் சொன்னே?"

"அவ மனசு கஷ்டப்படுமேன்னு."

"இப்போ படலியா?" என்றார். அவ்வளவுதான். கைகால் கழுவப் போய்விட்டார். உன் அப்பாவோடு எனக்குப் பல விஷயங்களில் ஒத்துவராது. உனக்கும் ஒத்துவராது, தெரியும். ஆனால் இதைச் சொன்னவர் அவர்தான். நீ அவரிடம் கோபமாக இருக்கும் நாட்களில் இதையும் ஒரு பக்கம் வைத்துக்கொள்.

அடுத்த ஐந்து நாட்கள் வேலை வழக்கம்போல நடந்தது. நான் தூக்கமில்லாமல் தவித்தேன் என்றெல்லாம் எழுதினால் பொய். நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைக்கும்போதெல்லாம் எரித்துவிட்டதாக நான் சொன்ன பொருள் கண்ணெதிரே இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒன்று சொல்லி, உள்ளே வேறொன்று செய்துகொண்டிருந்தேன். சோதனையில் பெற்ற அளவை மாற்றி எழுதுகிறவனை லேபிலிருந்து துரத்துவோம். நான் செய்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை உறையவைக்க வேண்டும் என்று தலைவர் நாள் குறித்துவிட்டார். அதற்கு முந்தைய சனிக்கிழமை, சம்மதத் தாளின் பின்னால் எழுதியிருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு அப்பாவோடு கிளம்பினேன்.

கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய கட்டிடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. பேச்சியம்மாள் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, முதலில் என் வயிற்றைத்தான் பார்த்தாள். அன்று கேட்டில் வெள்ளைக் கோட்டுக்குள் தெரிந்திருக்காது. "மாசமா இருக்கீயளா? உக்காருங்க," என்று ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காராமல் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்துதான் சொன்னேன்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய். எரிக்கல. கொடியிலேர்ந்து எடுத்த செல் இன்னும் இருக்கு. வளருது. உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லல."

அவள் கையிலிருந்த சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுடலை உள்ளேயிருந்து வந்து, "எதுக்கு இப்பம் வந்து சொல்லுதீய?" என்றான். நியாயமான கேள்வி. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். பேச்சியம்மாள்தான் பேசினாள். "பாக்கலாமா?" என்றாள்.

அன்று மத்தியானமே அழைத்துப்போனேன். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது விதி. தலைவருக்குப் போன் செய்து கேட்டேன். பத்து நிமிடம் மட்டும் என்றார். செருப்பைக் கழற்றச் சொல்லி, கோட் மாட்டிவிட்டு, மைக்ரோஸ்கோப்பின் முன்னால் அவளை உட்காரவைத்தேன். எப்படிப் பார்ப்பது என்று பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அசையாமல் பார்த்தாள்.

"இதுல பிள்ள எது?"

"பிள்ளை இல்ல. பிள்ளையோட ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசாத் தோல் மாதிரி இருக்கும். அதோட துணுக்கு."

"வலிக்குமா?"

"வலிக்காது. வலி தெரியறதுக்கு அதுக்கு ஒண்ணும் கிடையாது."

"சாப்பாடு?"

"ரெண்டு நாளுக்கு ஒரு தடவை குடுப்பேன்."

"நீங்களா குடுக்கீய?"

ஆமாம் என்றேன். அவள் மறுபடியும் குனிந்து பார்த்தாள். நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "இது இன்னும் ரெண்டு மூணு வாரம் வளரும். உறையவச்சா வருஷக்கணக்கா இருக்கும். வேணாம்னு நீங்க சொன்னா இன்னைக்கே நிறுத்திடறேன்." கேட்கும்போது, வளரட்டும் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு கனிவாகப் பார்க்கிறாளே, எப்படி வேண்டாம் என்பாள்? அனந்து, இதைக் குறித்துக்கொள். பதிலை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு நாம் கேட்பது கேள்வியே இல்லை.

"வேண்டாம் எக்கா," என்றாள். "பிள்ளயே போயிட்டா. இது மட்டும் இங்கன கெடந்து எதுக்கு வளரணும்? எங்கிட்ட தந்துருங்க. அவ பக்கத்துலயே பொதைச்சிருதோம்."

எனக்கு உள்ளுக்குள் முதலில் வந்தது இரக்கமல்ல. ஐயோ, இத்தனை நல்ல செல்லா போகிறது என்பதுதான் வந்தது. பிறகு எழுந்து, இன்குபேட்டரில் இருந்த ஆறு தட்டுகளையும் எடுத்தேன். அவள் பார்க்க, செல்கள் எல்லாவற்றையும் சுரண்டி ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் சேர்த்தேன். கிருமி எதுவும் வெளியே போகக்கூடாது என்பதால் நீராவியில் வைத்து எடுத்துத்தான் தர முடியும், அதன்பின் அதில் உயிர் இருக்காது என்று விளக்கினேன். செய்யுங்க என்று தலையாட்டினாள். குப்பி ஆறும் வரை நாங்கள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உன்னைப் பற்றிக் கேட்டாள். உதைக்கிறதா என்று கேட்டாள். குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தையைப் புதைத்த இடம் எது என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

லேபிலிருந்து ஒரு பொருளை வெளியே கொடுத்ததற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தேன். தலைவர் இரண்டு மாதம் என்னிடம் வேலையைத் தவிர எதையும் பேசவில்லை. அந்த வருஷம் வெளிவந்த கட்டுரையில் என் பெயர் இல்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை; நான் முதலிலேயே ஒழுங்காகக் கேட்டிருந்தால் அவருக்கு அந்த நஷ்டம் வந்திருக்காது. சம்மதத் தாளைத் திருத்தி எழுத அனுமதி கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். தமிழிலும் எழுதினேன். 'இந்தச் செல்கள் சில வாரங்கள் உயிரோடு வளரும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.' வலி வந்தபின் கேட்பதில்லை என்றும் வைத்துக்கொண்டோம். வேண்டாம் என்றவர்கள் அதிகமானார்கள். வேலை மெதுவாகத்தான் நடந்தது.

இனிமேல் எழுதுவது அப்பாவுக்கும் தெரியாது. உன் பிரசவத்துக்கு நான் அதே வார்டில்தான் சேர்ந்தேன். என் இடத்தில் வேலை பார்த்த பெண் காலையில் அதே தாளோடு வந்தாள். நான் எழுதிய வாக்கியங்கள். அவள் படித்துக்காட்ட வேண்டிய அவசியமே இல்லை; எனக்கு மனப்பாடம். பேனாவைக் கையில் வாங்கினேன். மூன்றாவது வாரம் தட்டில் எப்படியிருக்கும், ஐந்தாவது வாரம் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தட்டின் மேலே உன் எண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியுமா என்று யோசித்தேன். "வேண்டாம்," என்றேன். எத்தனையோ பேரிடம் வாங்கியவள் நான். என் முறை வந்தபோது கொடுக்கவில்லை. அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தலையணையைச் சரி செய்துவிட்டுப் போனாள். நான் எழுதிய விதியை எனக்கே ஒருவர் கடைப்பிடித்தபோதுதான் அதன் அருமை எனக்குத் தெரிந்தது. உன்னிடம் யாராவது வேண்டாம் என்றால் நீயும் அப்படியே எழுந்து வா. முகத்தில்கூடக் காட்டாதே.

நீ நடக்கத் தொடங்கிய சமயம், ஒருநாள் வார்டிலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். பேச்சியம்மாள் மறுபடியும் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளாகவே என்னைக் கேட்டிருக்கிறாள். நான் போனபோது தமிழ்த் தாள் அவள் மடியில் இருந்தது. விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளிடம் கேட்கும் எண்ணமே இல்லை என்று சொன்னேன்.

"நீங்க கேக்கல. நான்லா தாரேன்," என்றாள். "இதுனால ஆருக்கும் குணமாகுமா?"

"தெரியாது. இப்போதைக்கு இல்ல. ஒருவேளை பின்னால ஆகலாம்."

"சரி. அதுவா நிக்கது வர வளத்துக்கிடுங்க. உறைய வைக்கவேண்டாம். நின்ன பொறவு எங்கிட்ட சொல்லணும்." அதையும் தாளில் எழுதச் சொன்னாள். எழுதினேன். கீழே பெயரைப் போட்டாள், இந்தத் தடவை நிறுத்தாமல். அன்று சாயங்காலம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை.

செல்கள் முதல் முறைபோல அவ்வளவு அபாரமாக இல்லை. சுமார்தான். முப்பத்துநாலாம் நாள் நின்றன. சொல்லி அனுப்பியிருக்கலாம், நானே போனேன். அவள் குழந்தையைக் காலில் படுக்கவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நேற்றோடு நின்றுவிட்டது என்று சொன்னேன்.

"நின்னுட்டா? சரி," என்றாள். "அந்தத் துண்ட எடுங்க எக்கா."

எடுத்துக் கொடுத்தேன். குழந்தையைத் துவட்டத் தொடங்கினாள்.

அம்மா